மாமா பார்த்த பிளேட் ரன்னரும் நீங்கள் பார்த்த பிளேட் ரன்னரும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். கீழக்கரையில் உங்கள் மாமா 80களில், துபாயிலிருந்து வந்த கேசட்டில் 'பிளேட் ரன்னர்' பார்த்திருக்கிறார். படம் நெடுக ஹாரிசன் ஃபோர்டின் குரல் கதை சொல்லிக்கொண்டு வரும் என்கிறார். கடைசியில் அவரும் ரேச்சலும் மலைகளுக்கு நடுவே வண்டியில் போவார்கள் என்கிறார். நீங்கள் போன மாதம் போனில் பார்த்ததில் குரலும் இல்லை, மலையும் இல்லை. லிஃப்ட் கதவு மூடுகிறது, படம் முடிந்துவிடுகிறது. நடுவில் ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று ஓடி வருகிறது. அப்படி ஒரு குதிரையே படத்தில் கிடையாது என்று மாமா அடித்துச் சொல்கிறார். நண்பர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கடற்கரையில் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். "எது அசல் படம்?" என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில், மாமாவின் ஞாபகம் பிசகிவிட்டதோ என்ற கவலையும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பிசகவில்லை. அவர் சொன்னது எல்லாம் சரி. நீங்கள் பார்த்ததும் சரி.

நான் விமர்சகன் இல்லை. மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு ராமநாதபுரத்தில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து, மொத்தம் 31 வருடம் பிலிம் ஓட்டியவன். 2012-இல் எங்கள் கேபினுக்கு டிஜிட்டல் வந்தது, அதோடு பிலிம் பெட்டி வருவது நின்றது. இந்தப் படத்தின் தத்துவத்தைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிலிமை ஓர் இடத்தில் வெட்டினால் என்ன ஆகும், வெட்டிய இடத்தில் என்ன மிஞ்சும் என்பது எனக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். பிளேட் ரன்னரின் ஐந்து வடிவங்களை ஒன்றாகப் போட்டு 2007 கடைசியில் ஒரு டிவிடி பெட்டி வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் மருமகன் அதை வாங்கிவந்து கொடுத்தார். ஐந்தையும் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன், சில இடங்களை நிறுத்தி நிறுத்தி. அந்தப் பழக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்தவை. ரிட்லி ஸ்காட் எடுத்த இந்தப் படம் அமெரிக்காவில் 1982 ஜூன் 25-ஆம் தேதி வெளியானது. அதற்கு முன்பே, அந்த மார்ச்சில், டென்வரிலும் டாலஸிலும் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அது முழுசாக முடியாத வடிவம், ஒர்க் பிரிண்ட் என்பார்கள். அதில் கதை சொல்லும் குரல் கிட்டத்தட்ட இல்லை. மலைப் பயணமும் இல்லை. பார்த்தவர்களில் பலர் புரியவில்லை, ஒரே இருட்டாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படத்துக்குச் செலவு எல்லை தாண்டிப் போயிருந்ததால், பணத்துக்குப் பொறுப்பேற்றவர்கள் கையில் படம் இருந்தது. ஃபோர்டைக் கூப்பிட்டு விளக்கக் குரல் பேச வைத்தார்கள், சந்தோஷமான முடிவு ஒன்றைச் சேர்த்தார்கள். அதுதான் தியேட்டருக்கு வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே போன பிரதியில் அடிதடியும் ரத்தமும் சில இடங்களில் கூடுதல், மற்றபடி அதே படம். 1986-இல் ஓர் அமெரிக்க டிவி நிறுவனம் தனக்காகக் கொஞ்சம் வெட்டிக்கொண்டது. அதை விட்டுவிடலாம்.

அப்புறம் சில வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 1989-இல் ஒரு ஸ்டுடியோ கிடங்கில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது பழைய ஒர்க் பிரிண்டின் 70 எம்எம் பிரதி அகப்பட்டது. 1990-இல் லாஸ் ஏஞ்சலிஸில் அதைத் திரையிட்டார்கள். வந்தவர்களில் பலருக்குத் தாங்கள் பார்க்கப் போவது வேறு வடிவம் என்பதே தெரியாது. குரல் இல்லாத பிளேட் ரன்னரைப் பார்த்துக் கூட்டம் சொக்கிப்போனது. அந்தப் பேச்சு பரவித்தான் 1992-இல் 'டைரக்டர்ஸ் கட்' வந்தது. குரலை எடுத்தார்கள், மலை முடிவை எடுத்தார்கள், ஒற்றைக்கொம்புக் குதிரையைச் சேர்த்தார்கள். பெயர் டைரக்டர்ஸ் கட் என்றாலும், ஸ்காட் அப்போது வேறு படத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்து மற்றவர்கள் அவசரத்தில் செய்தது அது. அவருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. நெகட்டிவை மறுபடி எடுத்து, முழு உரிமையோடு அவர் உட்கார்ந்து செய்தது 2007-இன் 'ஃபைனல் கட்'. சொல்லப்போனால் மொத்தம் ஏழு வடிவங்கள் கணக்கில் வரும். சண்டைக்கு உதவுவது நான்குதான்: ஒர்க் பிரிண்ட், 1982, 1992, 2007.

நீங்கள் பார்த்தது 1992-ஆ 2007-ஆ என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. மொட்டை மாடியில் மழையில் தப்பி வந்த செயற்கை மனிதர்களின் தலைவன் ராய் பேட்டி சாகும்போது அவன் கையிலிருந்து ஒரு புறா பறக்கும். புறா போகும் வானம் பளிச்சென்று நீலமாக இருந்தால் அது பழைய வடிவம். இருட்டில், கட்டடங்களுக்கு மேலே பறந்தால் 2007. ராத்திரி மழையில் நீல வானம் எப்படி வந்தது என்று 25 வருடம் ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்ட இடம் அது. போனில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது 2007-தான்.

சரி, இனி எனக்குத் தெரிந்த தொழில் விஷயத்துக்கு வருகிறேன், இந்தப் படத்தின் சண்டை முழுக்க அதில்தான் இருக்கிறது. 35 எம்எம் பிலிமில் படமும் சத்தமும் ஒரே இடத்தில் இருக்காது. ஒரு காட்சி லென்சுக்கு நேரே வரும்போது, அதற்கான சத்தம் ஏறக்குறைய 20 பிரேம் முன்னாலேயே அச்சாகி, கீழே சத்தம் படிக்கும் இடத்துக்குப் போயிருக்கும். விநாடிக்கு 24 பிரேம் என்றால், முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் மேலே. எனவே ஆபரேட்டர் ஒரு காட்சியை வெட்டி எறிந்து இரண்டு முனையையும் ஒட்டினால், திரையில் அடுத்த காட்சி வந்துவிடும், வெட்டி எறிந்த காட்சியின் சத்தம் மட்டும் முக்கால் விநாடி நின்று கேட்கும். ஆள் இல்லை, குரல் இருக்கும்.

இதை நான் எப்போதும் மறக்காதபடி கற்றுக்கொண்டது டூரிங் டாக்கீஸில். பனையோலைக் கொட்டகை. ஜனங்கள் மணலைக் குவித்து அதன் மேல் உட்காருவார்கள். ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் திரை பாய் மாதிரி உப்பும், பிலிம் போகும் வழியில் மணல் விழுந்து கீறும். ஒரு நாள் முதலாளி மேலே ஏறி வந்து, கடைசி பஸ்ஸுக்கு ஜனம் போக முடியவில்லை, மூன்றாவது ரீலில் ஒரு சீனைத் தூக்கிவிடு என்றார். ஒரு தாய் வாசலில் நின்று மகனை அழைத்து அனுப்பி வைக்கும் காட்சி. கதைக்கு அது தேவையில்லை என்று அவருக்குத் தோன்றியது. நான் பிலிமைக் கையில் பிடித்து, கத்தரித்து, ஒரு முனையில் பிளேடால் மருந்தைச் சுரண்டினேன். கறுப்பு போய்ப் பிலிம் கண்ணாடி மாதிரி தெளியும் வரை சுரண்ட வேண்டும். பிலிம் சிமெண்டைத் தொட்டு வைத்து, துளைக்குத் துளை சரியாகப் பொருத்தி, விரலால் அழுத்திப் பிடித்து இருபது எண்ணினேன். ஒட்டு நன்றாகத்தான் நின்றது. ராத்திரி திரையில் லாரி போகிற சாலை வந்தது, அந்தச் சாலையின் மேல் ஒரு பெண் குரல் "ராசா" என்றது. அவ்வளவுதான். மறுநாள் காலையில் மீன் கூடையோடு வந்த ஓர் அக்கா என்னை நிறுத்தி, "தம்பி, நேத்து லாரி போகையில யாரோ ஒரு பொம்பளை கூப்பிட்டாளே, அது யாரு?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. வெட்டியது போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதன் ஓரத்தை அவர் பிடித்துவிட்டார்.

பிளேட் ரன்னரில் அந்த "ராசா"வுக்குச் சமமானது வெள்ளித்தாள் குதிரை. காஃப் என்ற போலீஸ்காரர் படம் முழுக்க எதையாவது மடித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் டெக்கர்ட் (ஃபோர்டு நடித்த பாத்திரம், தப்பி வந்த செயற்கை மனிதர்களை வேட்டையாடுபவன்) செயற்கைப் பிறவியான ரேச்சலைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பும்போது, தரையில் தாளில் மடித்த சின்ன ஒற்றைக்கொம்புக் குதிரை கிடக்கிறது. அவன் குனிந்து எடுத்து, விரலிடுக்கில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டுகிறான். இந்த ஷாட் எல்லா வடிவத்திலும் இருக்கிறது, மாமா பார்த்ததிலும் இருக்கிறது. அவரிடம் கேட்டுப் பாருங்கள், தாளில் செய்த குதிரை என்றால் ஞாபகம் வரக்கூடும். 1982-இல் அதன் அர்த்தம் ஒன்றே ஒன்று: காஃப் இங்கே வந்து போயிருக்கிறார், ரேச்சலைக் கொல்லாமல் விட்டிருக்கிறார். ஏன் குதிரை, அதுவும் ஏன் கொம்பு வைத்த குதிரை என்பதற்குப் பதிலே இல்லை. ஏனென்றால் டெக்கர்ட் பியானோ முன்னால் உட்கார்ந்து அப்படியொரு குதிரையை மனதில் காணும் காட்சியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கனவு வெட்டுப்பட்டது, தாள் மிஞ்சியது. 1992-இல் அந்தச் சில விநாடிகளைத் திரும்ப வைத்தவுடன் தாள் பேசத் தொடங்குகிறது. இவன் மனதுக்குள் ஓடுவது காஃபுக்கு எப்படித் தெரியும்? வேறு யாரோ அதை இவன் மண்டையில் வைத்திருந்தால்தானே தெரியும்? ரேச்சலின் பால்ய நினைவுகள் அவளுக்கு வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்பதைப் படம் முன்னமே காட்டிவிட்டது. அப்படியானால் டெக்கர்டும் ரெப்ளிகன்ட்தானா, மனிதரைப் போலவே செய்து நான்கு வருட ஆயுள் கொடுத்து அனுப்பப்பட்ட செயற்கைப் பிறவிகளில் ஒருவன்தானா? முழுச் சண்டையும் இங்கேதான் பிறக்கிறது.

இந்தக் குதிரையை ஸ்காட் பின்னால் எடுத்த 'லெஜெண்ட்' படத்திலிருந்து உருவி ஒட்டிவிட்டார் என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பலரும் அப்படிச் சொல்கிறார்கள், அது தவறு. பிளேட் ரன்னருக்காகவே எடுத்தது அது, லெஜெண்ட் அதற்குப் பிறகு வந்தது. வேறு படத்தின் பிலிம் இதில் இருப்பது உண்மைதான், ஆனால் இருப்பது மாமாவின் மலைகளில். 1982 முடிவில் வண்டிக்குக் கீழே ஓடும் அந்த மலைக்காடுகள், ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்தின் தொடக்கத்துக்காக ஹெலிகாப்டரில் எடுத்து மிச்சம் வைத்திருந்தவை. படம் முழுக்க இருட்டும் மழையுமாக இருந்துவிட்டு, திடீரென்று வேறு உலகத்து வெளிச்சம் வந்த மாதிரி மாமாவுக்குத் தோன்றியிருந்தால், அவர் கண் தப்புச் செய்யவில்லை. அது வேறு படத்தின் வெளிச்சம்.

இன்னொரு மிச்சமும் உண்டு, ரசிகர்கள் அதன் மேல் மாளிகையே கட்டினார்கள். தொடக்கத்தில் போலீஸ் அதிகாரி டெக்கர்டிடம் தப்பி வந்த ரெப்ளிகன்ட்கள் ஆறு பேர் என்று சொல்வார். ஒன்று மின்சாரத்தில் கருகிவிட்டது என்பார். மிச்சம் ஐந்து. நாம் பார்ப்பது நான்கு: ராய், பிரிஸ், லியோன், ஸோரா. ஐந்தாவது எங்கே? டெக்கர்ட்தான் அது என்று வருடக்கணக்கில் எழுதினார்கள். உண்மையில் மேரி என்று இன்னொரு ரெப்ளிகன்ட் திரைக்கதையில் இருந்தாள். செலவைக் குறைப்பதற்காக அந்தப் பாத்திரத்தைப் படமாக்காமலே கைவிட்டார்கள். ஆள் போனாள், எண்ணிக்கை போகவில்லை. 2007-இல் வசனத்தை "இரண்டு" என்று மாற்றிக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். டெக்கர்ட் ரெப்ளிகன்ட் என்று நம்புகிறவர்கள் இந்த ஐந்தாவது ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது ஒட்டில் கேட்ட சத்தம், அவ்வளவே. தாள் குதிரையைக் கூப்பிடலாம், அதற்கு வலு இருக்கிறது.

குரல் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் மாமா கட்சியை ரொம்பவும் இளக்காரமாகப் பேசுவதாகத் தெரிகிறது. அது நியாயமில்லை. அந்தக் குரல் முழுக்க முழுக்கப் பணக்காரர்கள் கடைசி நேரத்தில் திணித்தது என்பது பாதி உண்மை. திரைக்கதையின் ஆரம்ப வரைவுகளிலேயே டெக்கர்ட் கதை சொல்கிற மாதிரி இருந்தது, பழைய துப்பறியும் படங்களின் பாணியில். கடைசியில் பதிவான அந்த வார்த்தைகள் ஃபோர்டுக்கும் ஸ்காட்டுக்கும் பிடிக்கவில்லை என்பதும் உண்மை, ஃபோர்டே அதைப் பல இடத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன், இதைத்தான் நீங்கள் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 1982 படத்தின் தொடக்கத்தில், தெருவோரக் கடையில் உட்கார்ந்திருக்கும் டெக்கர்ட், தன் முன்னாள் மனைவி தன்னை 'சுஷி' என்று கூப்பிடுவாள் என்கிறான், உணர்ச்சி இல்லாத குளிர்ந்த மீன் என்ற அர்த்தத்தில். அந்த மனைவியைப் பற்றிப் படத்தில் வேறு எங்கேயும் பேச்சில்லை. குரலை எடுத்தபோது அவளும் போய்விட்டாள். யோசித்துப் பாருங்கள், குரல் அவனுக்கு ஒரு கல்யாணத்தைக் கொடுத்திருந்தது, அது முறிந்த வலியைக் கொடுத்திருந்தது, நம்மிடம் ரகசியமாகப் பேசும் ஒரு மனதைக் கொடுத்திருந்தது. தன் மனைவியைப் பற்றி நம் காதில் புலம்புகிற ஆளை நாம் சந்தேகப்பட மாட்டோம். 1992-இல் ஒரே சமயத்தில் இரண்டும் நடந்தன: அவனுடைய பழைய வாழ்க்கையை எடுத்தார்கள், அந்த இடத்தில் எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு குதிரையை வைத்தார்கள். நேரக் கணக்கில் பார்த்தால் 1982, 1992, 2007 மூன்றும் 116, 117 நிமிடங்கள்தான். முகங்கள் அதே, மழை அதே. ஆனால் முதல் படத்தில் இருப்பவன் மனிதன், அடுத்த இரண்டிலும் இருப்பவன் மனிதன்தானா என்று நமக்குத் தெரியாது.

எனவே "டெக்கர்ட் மனிதனா?" என்று பொதுவாகக் கேட்டு வாதாடினால் முடிவே வராது. எந்த வடிவத்து டெக்கர்ட் என்று முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும். ஸ்காட் அவன் ரெப்ளிகன்ட்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். படம் பார்ப்பவர்களுக்குப் பற்றிக்கொள்ளத் திரையில் ஒரு மனிதனாவது வேண்டும் என்பது ஃபோர்டு வெகுகாலம் சொல்லிவந்த கட்சி. 2017-இல் வந்த இரண்டாம் பாகமும் இதற்கு முடிவு சொல்லவில்லை. எடுத்தவரும் நடித்தவரும் வருடக்கணக்கில் ஒத்துப்போகாத விஷயத்தில் நான் தீர்ப்பு எழுத முடியாது. ஸ்காட் சொன்னார் என்பதால் 1982 படத்துக்கும் அதுவே பதில் என்று ஆகிவிடாது என்பதை மட்டும் சொல்வேன். அந்தப் படத்தில் அவர் வைத்த கனவுக் குதிரையே இல்லை.

குரல் கெடுத்த இடமும் உண்டு, அதை மாமாவிடம் நீங்கள் மரியாதையோடு சொல்லலாம். ராய் பேட்டி மழையில் உட்கார்ந்து, தான் கண்டதையெல்லாம் சொல்லி, அந்தத் தருணங்கள் எல்லாம் மழையில் கண்ணீர் போலக் கரைந்துவிடும் என்று சொல்லிச் சாகிறான். எழுதிக் கொடுத்த நீண்ட வசனத்தைக் குறைத்து, அந்தக் கண்ணீர் வரியைத் தானே சேர்த்தவர் நடித்த ரட்கர் ஹவர். அவன் தலை கவிழ்ந்த பிறகு தேவைப்படுவது மழைச் சத்தம் மட்டும். 1982 படத்தில் அங்கே டெக்கர்டின் குரல் வந்து, இவன் என்னை ஏன் காப்பாற்றினான் என்று விளக்கத் தொடங்குகிறது. நான் முதலில் பார்த்தபோதே அந்த இடத்தில் சத்தத்தைக் குறைக்கக் கை போனது. ஒர்க் பிரிண்டிலும் இதே இடத்தில் குரல் உண்டு, வேறு வார்த்தைகளில். அந்த மௌனத்தை நம்புவதற்கு எல்லோருக்குமே பயமாக இருந்திருக்கிறது.

மாமா பார்த்த சூழ்நிலையையும் நினைத்துப் பாருங்கள். அந்த நாளில் நம் கரையில் டிவி என்றால் ஆன்டெனாவை இரும்புக் குழாயில் உயர்த்திக் கட்டி இலங்கை ரூபவாகினி பார்ப்பதுதான். சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், ஊருக்கு வரும்போது வீடியோ டெக்கும் கேசட்டும் கொண்டுவருவார்கள், தெருவே அந்த வீட்டு முற்றத்தில் கூடும். நானும் கீழக்கரையில் அப்படி ஒரு முற்றத்தில்தான் இந்தப் படத்தை முதலில் பார்த்தேன். பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட். படமே இருட்டு, அதில் பாதி கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. கேசட் கொண்டுவந்த அண்ணன் டிவி பக்கத்தில் நின்று, ஃபோர்டு பேசப் பேசத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஊமைப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஆள் நின்று கதை சொல்வார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், அதே மாதிரி. கதாநாயகன் யாரைத் தேடுகிறான், ஏன் தேடுகிறான் என்று அன்றைக்கு எங்களுக்குப் புரிந்தது அந்தக் குரலால்தான். உங்கள் மாமாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். குரலை எடுத்துவிட்டால் படத்தையே எடுத்துவிட்ட மாதிரி அவருக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கேசட் தானாகவே செய்யும் வெட்டுகள் இரண்டு. துபாயிலும் நம் நாட்டிலும் இருந்தது பால் (PAL) என்ற டிவி முறை, விநாடிக்கு 25 பிரேம். 24 பிரேமில் எடுத்த படம் அதில் கொஞ்சம் வேகமாக ஓடும். 117 நிமிடப் படம் 112 நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரு ஷாட் கூட வெட்டாமலே. கேசட் நேரத்தைப் பார்த்து "5 நிமிடம் தூக்கிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். இரண்டாவது வெட்டு பக்கவாட்டில் விழுவது. இது அகலத்திரைப் படம். பழைய டிவியின் சதுரத்துக்குள் அடைக்க, அகலத்தில் 10-இல் 4 பங்குக்கு மேல் கழித்துவிடுவார்கள். இருவர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரியும். மாமா பார்த்ததற்கும் நீங்கள் பார்த்ததற்கும் இருக்கும் வித்தியாசத்தில் இதுவும் பெரிய பங்கு, ஆனால் யாரும் இதைப் பற்றிச் சண்டை போடுவதில்லை.

எதைப் பார்ப்பது என்று கேட்டால், முதல்முறை பார்ப்பவருக்கு 2007-தான் என் பதில். உடைந்த கண்ணாடியில் விழுந்து ஓடும் ஸோராவுக்குப் பதிலாக டூப் முகம் தெரிந்தது, பறக்கும் வண்டியைத் தூக்கிப் பிடித்த கம்பி தெரிந்தது, இதையெல்லாம் சரி செய்திருக்கிறார்கள். குதிரைக் காட்சியும் இதில்தான் முழுசாக இருக்கிறது. இது கையில் இருக்கும்போது 1992 தேவையே இல்லை. ஒர்க் பிரிண்ட் என்னைப் போல வெட்டும் ஒட்டும் பார்க்கிறவர்களுக்கு. 1982-ஐக் கட்டாயம் பாருங்கள், ஆனால் தனியாக வேண்டாம். மாமாவோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் நடுவில் பேசினால் பேசட்டும்.

ஒன்று மட்டும் மாமாவிடம் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். ரெப்ளிகன்ட்களைச் செய்த கம்பெனி முதலாளி டைரலை ராய் தலையைப் பிடித்துக் கொல்லும்போது கண்ணிலிருந்து ரத்தம் வருவது தெரிந்ததா? தன் உள்ளங்கையில் ஆணி குத்திக்கொள்ளும்போது அது மறுபக்கம் வந்தது தெரிந்ததா? தெரிந்தது என்றால் அவர் பார்த்தது வெளிநாட்டுப் பிரதி. துபாய் கேசட் என்பதால் அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட்டில் மூலம் எது என்பதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது. அந்தக் கேசட் இன்னும் வீட்டில் இருந்தால் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். நம் கரை ஈரத்தில் நாடா ஓரங்களில் வெள்ளைப் பொடி மாதிரி பூஞ்சை பிடித்திருக்கும், கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரியும். அதோடு ஓட்டினால் நாடா கிழியும், டெக்கின் ஹெட்டும் கெடும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். நாடாவைச் சுத்தம் செய்யும் முறையைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். செய்து முடித்ததும், முதல் 10 நிமிடம் ஓட்டி, தெருக்கடையில் அவன் தன் மனைவியைப் பற்றிப் பேசுகிறானா என்று மாமாவைக் கேட்கச் சொல்லுங்கள்.